ஆட முடியாத நடனப் பாடல்கள்

இசைத்தட்டின் அட்டையில் ஒரு ஜோடி. பால்ரூம் நடனத்துக்கான உடுப்பு, கைகோத்து ஆடுகிற நிலை. ஆனால் அவர்களால் ஓரடி கூட எடுத்து வைக்க முடியாது. கூடாரத்தை இழுத்துக் கட்டுவது போல இரண்டு பேர் உடம்பிலிருந்தும் நாலாபக்கமும் கயிறு போய் முளையில் கட்டப்பட்டிருக்கிறது. மேலே தலைப்பு: 'எ கலெக்‌ஷன் ஆஃப் கிரேட் டான்ஸ் சாங்ஸ்'. அதாவது, அருமையான நடனப் பாடல்களின் தொகுப்பு.

குழுவின் பெயர் பிங்க் ஃப்ளாய்ட். இவர்கள் பாட்டுக்கு யாராவது ஆடிப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து கேட்பவர்கள் உண்டு. இருட்டில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கேட்பவர்கள் உண்டு. ஆடுபவர்கள்? சந்தேகம்தான். தலைப்பே ஒரு கிண்டல். அட்டைப் படம் அந்தக் கிண்டலுக்குப் போட்ட ஆச்சரியக்குறி. படத்தைச் செய்தவர்கள் ஹிப்னாசிஸ் குழுவினர். முப்பட்டகத்தில் ஒளி பிரிகிற அந்தப் புகழ்பெற்ற அட்டையைக் கொடுத்ததும் இவர்கள்தான்.

1981 நவம்பரில் வெளிவந்த இந்தத் தொகுப்பை ரசிகர்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனை வரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் கூட வரவில்லை. "ஏற்கெனவே இருக்கிற பாட்டுதானே, கடைக்காரனுக்காகப் போட்ட ரெக்கார்டு" என்று ஒதுக்கிவிடுவார்கள். அது முழுப் பொய் இல்லை. ஆனாலும் அந்தக் குழு அந்த வருடம் என்ன நிலையில் இருந்தது என்பதை இந்தச் சாதாரண ரெக்கார்டு காட்டுகிற மாதிரி வேறெந்த ஆல்பமும் காட்டவில்லை.

பக்கம் என்கிற அளவுகோல்

முதலில் கொஞ்சம் இசைத்தட்டு சமாசாரம். வினைல் எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். வேகம் மாறாது. ஆனால் ஊசி வெளி ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி நகர்கிறது. வெளி ஓரத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஊசிக்கு அடியில் ஓடும். உள் ஓரத்துக்கு வரும்போது அது 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். அதே இசையை, பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் செதுக்க வேண்டும். அதனால்தான் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் உச்ச ஒலிகள் கொஞ்சம் மங்கிப்போகும், சில சமயம் கரகரக்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சத்தம் அதிகமானால், அதிலும் பேஸ் அதிகமானால், பள்ளம் அகலமாக ஆடும். அகலமான பள்ளம் அதிக இடத்தைத் தின்னும். ஆகவே நல்ல ஒலியோடு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேலேதான் வைக்க முடியும். அதற்கு மேல் போனால் ஒலியைக் குறைத்துச் செதுக்க வேண்டும்.

புரோகிரசிவ் ராக் என்கிற வகையே இந்த அளவுக்குள் வளர்ந்தது என்று சொல்லலாம். ரேடியோவுக்கான மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று நினைத்தவர்கள், ஒரு முழுப் பக்கத்தையும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தார்கள். பிங்க் ஃப்ளாய்டின் 'மெடில்' (1971) ஆல்பத்தில் 'எக்கோஸ்' என்கிற ஒரே பாட்டு இரண்டாம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், 23 நிமிடத்துக்கு மேல். இவர்கள் பாட்டுகளைத் தனித்தனியாகச் செய்து அடுக்கவில்லை. பக்கங்களாக யோசித்தார்கள்.

அப்படிப்பட்ட குழுவுக்கு 'சிறந்த பாடல்கள்' தொகுப்பு போடுவது என்றால்? ஒரு நாவலிலிருந்து ஆறு நல்ல பக்கங்களைக் கிழித்துத் தனிப் புத்தகமாகத் தைப்பது போலத்தான்.

ஒரு நல்ல தொகுப்பும் உண்டு

தொகுப்பு என்றாலே மட்டம் என்று சொல்லிவிட முடியாது. இதே குழுவுக்கு 1971 மே மாதம் 'ரெலிக்ஸ்' என்று ஒரு தொகுப்பு வந்தது. மலிவு விலை ரெக்கார்டு. ஈ.எம்.ஐ.யின் ஸ்டார்லைன் என்கிற மலிவுப் பதிப்பு வரிசையில் போட்டார்கள். அட்டையில் இருந்த விசித்திர இயந்திரப் படகை வரைந்தது டிரம்ஸ் வாசித்த நிக் மேசன். அவர் கட்டடக்கலை படித்தவர், அது கோட்டிலேயே தெரியும்.

அந்த ரெக்கார்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் எழுதிய 'ஆர்னால்ட் லேன்', 'சீ எமிலி ப்ளே' இரண்டும் 1967-இல் பிரிட்டனில் சின்ன ரெக்கார்டுகளாக மட்டுமே வந்தவை. அங்கே எந்த ஆல்பத்திலும் கிடையாது. அவற்றை ஒரு எல்.பி.யில் சேர்த்து, அதுவரை வெளிவராத ஒரு பாட்டையும் போட்டு, குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். கையில் காசில்லாத மாணவனுக்கு அது வரப்பிரசாதம்.

1981 தொகுப்புக்கு அப்படி ஒரு நியாயம் இல்லை. அதிலுள்ள ஆறு பாட்டும் நன்றாக விற்ற ஆல்பங்களில் இருந்தவை. எந்தக் கடையிலும் கிடைத்தவை.

ஆறு பாட்டும் அவை இழந்தவையும்

முதல் பக்கம்: 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்', 'மணி', 'ஷீப்'. இரண்டாம் பக்கம்: 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்', 'விஷ் யூ வேர் ஹியர்', 'அனதர் பிரிக் இன் தி வால்' இரண்டாம் பகுதி. முதல் பக்கம் ஏறக்குறைய 23 நிமிடம், இரண்டாவது 19 நிமிடம் சொச்சம்.

'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' அதிகம் இழக்கவில்லை. வாட்டர்ஸும் கில்மோரும் ஆளுக்கொரு பேஸ் கிடாரை வாசித்து, எதிரொலிக் கருவி வழியாக அனுப்பிக் கட்டிய பாட்டு அது. 'மெடில்' ஆல்பத்திலும் அதுதான் முதல் பாட்டு, இங்கேயும் அதுதான் முதல். கதவைத் திறக்கச் செய்த பாட்டு, கதவைத் திறக்கிறது.

'ஷீப்' அப்படி இல்லை. 'அனிமல்ஸ்' (1977) ஆல்பத்தில் நாய்களும் பன்றிகளும் வந்துபோன பிறகுதான் ஆடுகள் வரும். ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' நாவலைத் தூரத்திலிருந்து நினைவூட்டுகிற கதை அது. அடங்கிக் கிடந்த ஆடுகள் திடீரென்று நாய்கள் மேல் பாயும்போது கேட்பவனுக்கு நெஞ்சு படபடக்க வேண்டும் என்றால், அந்த நாய்கள் யார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இங்கே நாயும் இல்லை, பன்றியும் இல்லை. கோபம் மட்டும் மிச்சம். யார் மேல் கோபம் என்று தெரியாது.

பெரிய வெட்டு விழுந்தது 'ஷைன் ஆன்' மேல். மனநிலை குலைந்து குழுவை விட்டுப் போன சிட் பாரெட்டை நினைத்துச் செய்த பாட்டு. 1975-இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு துண்டாக வரும். ஒன்பது பகுதி, மொத்தம் 26 நிமிடம். முதல் எட்டு நிமிடத்துக்கு மேல் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். காத்திருக்க வைப்பதுதான் அந்தப் பாட்டின் வேலை. இல்லாத ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள் அல்லவா?

தொகுப்பில் அது பத்தரை நிமிடம். ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு ஆகிய பகுதிகளை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு சுத்தமாகத்தான் இருக்கிறது, தெரியாதவர் காதுக்கு இடறாது. ஆனால் டிக் பேரியின் சாக்ஸஃபோன் போய்விட்டது. கடைசியான ஒன்பதாம் பகுதியும் போய்விட்டது. அந்தப் பகுதியை எழுதியது கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட், அவர் மட்டும் தனியாக. அதன் முடிவில் 'சீ எமிலி ப்ளே' மெட்டை ஒரு சொட்டு விட்டு, பழைய நண்பனுக்கு விடை கொடுத்திருப்பார். தொகுப்பில் அந்த விடைகொடுத்தல் இல்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும் என்றால், 1981-இல் ரைட்டுக்கே அந்தக் குழுவில் இடம் இல்லை. 'தி வால்' (1979) பதிவின்போது அவரை வெளியேற்றிவிட்டார்கள். அந்த ஆல்பத்துக்கான மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார்.

பணம் பற்றிய பாட்டு, பணத்தால் வந்த சிக்கல்

இப்போது கதையின் நடுப்பகுதி.

'மணி' 1973-இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. வினைலில் கேட்டவர்களுக்கு அதன் சுகம் தெரியும். முதல் பக்கம் சாவைப் பற்றிய ஒரு கதறலோடு முடியும். நீங்கள் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். ஊசி இறங்கும், ஒரு நொடி நிசப்தம், சட்டென்று சில்லறைச் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம்! சாவு வீட்டிலிருந்து நேராகக் கடைத்தெருவுக்கு வந்தது போல இருக்கும்.

அந்தச் சத்தங்களைச் செய்தது ரோஜர் வாட்டர்ஸ். அவருடைய மனைவி மண்பாண்டம் வனைபவர். களிமண் குழைக்கிற பாத்திரத்தில் காசுகளைப் போட்டுச் சுழற்றிப் பதிவு செய்தார். ஏழு சத்தங்களைக் கொண்ட டேப் துண்டுகளை அளந்து வெட்டி வளையமாக ஒட்டினார்கள். கணினி இல்லாத காலம், தாளத்தை ஸ்கேல் வைத்து அளந்த காலம். ஏழு ஏன் என்றால் பாட்டே ஏழின் கணக்கில் போகிறது. மிஸ்ர சாபு போட்டுப் பழகிய கை இதைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். நடுவில் கில்மோரின் கிடார் தனி வரும்போது மட்டும் நான்குக்கு மாறி, பிறகு ஏழுக்குத் திரும்பும். அமெரிக்காவில் தனி ரெக்கார்டாகவும் வந்து 13-ஆம் இடம் வரை போயிற்று.

சரி, இப்பேர்ப்பட்ட பாட்டைத் தொகுப்பில் போடாமல் இருக்க முடியுமா? போடத்தான் நினைத்தார்கள். ஆனால் அந்தப் பதிவு அமெரிக்காவில் கேப்பிட்டல் கம்பெனியின் கையில். 'டார்க் சைட்' முடிந்ததும் குழு அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனிக்கு மாறிவிட்டது. தொகுப்பைப் போட்டது கொலம்பியா. 'மணி'யைத் தர மாட்டோம் என்று கேப்பிட்டல் சொல்லிவிட்டது.

இங்கே ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. பாட்டை எழுதியவருக்கு மெட்டின் மேலும் சொற்களின் மேலும் ஒரு உரிமை. அதை ஒருநாள் ஸ்டுடியோவில் பாடி எடுத்த அந்தப் பதிவின் மேல் வேறொரு உரிமை. இரண்டாவது பெரும்பாலும் கம்பெனிக்குப் போய்விடும். வீட்டின் வரைபடம் உங்களுடையது, கட்டிய வீடு இன்னொருவருடையது என்பது போல. ஆனால் அதே வரைபடத்தை வைத்து வேறோர் இடத்தில் இன்னொரு வீடு கட்டினால்?

டேவிட் கில்மோர் அதைத்தான் செய்தார். ஜேம்ஸ் கத்ரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு 'மணி'யை முதலிலிருந்து மறுபடி பதிவு செய்தார். கிடார் அவர், பாட்டு அவர், பேஸ் அவர், கீபோர்டு அவர், டிரம்ஸும் அவர். அவரால் வாசிக்க முடியாத ஒரே வாத்தியம் சாக்ஸஃபோன். அதற்கு மட்டும் 1973-இல் வாசித்த அதே டிக் பேரியை அழைத்தார்.

யோசித்துப் பாருங்கள். பாட்டை எழுதிய வாட்டர்ஸ் இதில் வாசிக்கவில்லை. மேசன் வாசிக்கவில்லை. ரைட் வாசிக்கவில்லை. நான்கு பேர் கொண்ட குழுவின் 'சிறந்த பாடல்கள்' ரெக்கார்டில், அவர்களுடைய மிகப் பிரபலமான பாட்டுகளில் ஒன்றை, ஒரே ஒருவர் நான்கு பேராக வேடம் கட்டி வாசித்திருக்கிறார். மேலே குழுவின் பெயர் போட்டிருக்கிறது. பேராசையைக் கிண்டல் செய்கிற பாட்டு வேறு!

பிரிட்டனில் எல்லா ஆல்பமும் ஈ.எம்.ஐ. வசம்தான் இருந்தது. ஆனால் அங்கே வந்த தட்டிலும் இதே மறுபதிவுதான்.

கேட்டால் தெரியுமா?

முதல் கேள்வியில் பலருக்குத் தெரியாது. குரல் அதே குரல், கிடார் அதே விரல். இரண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேட்டால்தான் பிடிபடும். பழையதில் டிரம்ஸ் லேசாகத் தள்ளாடும், கிடார் தனி தொடங்கும்போது எல்லாரும் சேர்ந்து ஓடத் தொடங்குவார்கள். ஒருவர் வேகமெடுக்க மற்றவர் பிடித்துக்கொள்கிற அந்த இழுபறி புதியதில் இல்லை. எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. ஒரே ஆள் தன்னோடு தானே வாசிக்கும்போது யார் யாரோடு இழுபறி செய்வது?

அதற்காக அது மோசமான பதிவு என்று அர்த்தம் இல்லை. ஒரு மனிதனின் திறமைக்கு அது நல்ல சாட்சி. ஆனால் குழு என்றால் என்ன என்கிற கேள்விக்கு இந்த இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே விடை கிடைத்துவிடும். குழு என்பது வாசிப்பவர்களின் கூட்டல் கணக்கு இல்லை. ஒருவர் சறுக்கும்போது இன்னொருவர் தாங்குகிற அந்தக் கண நேரம்தான் குழு. அதைத் தனி ஆளால் நகல் எடுக்க முடியாது.

தேதிகளையும் பாருங்கள். 'தி வால்' நிகழ்ச்சிகளின் கடைசி மேடை 1981 ஜூனில், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில். நவம்பரில் இந்தத் தொகுப்பு. 1983-இல் வந்த 'தி ஃபைனல் கட்' ஆல்பத்தில் ரைட்டின் பெயரே இல்லை. 1985-இல் வாட்டர்ஸ் விலகினார். அடுத்து, குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கறிஞர்கள் வரைக்கும் போனது. ஆக, இந்தத் தொகுப்பு வந்தபோது நான்கு பேரும் ஒன்றாக வாசிக்கிற காலம் முடிந்திருந்தது. வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. அட்டைப் படத்தைத் திரும்பப் பாருங்கள். ஆடுகிற மாதிரி நிற்கிறார்கள், ஆடவில்லை. தாங்கிப் பிடித்திருப்பது கால்கள் இல்லை, கயிறுகள். கிண்டலுக்காகப் போட்ட படம் நிஜமாகிவிட்டது.

பின்கதை இரண்டு

ஒன்று. 2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க், லைவ் 8 நிகழ்ச்சி. 24 வருடம் கழித்து நான்கு பேரும் ஒரே மேடையில். வாசித்தவற்றில் 'மணி'யும் உண்டு. பேஸ் வாட்டர்ஸ், டிரம்ஸ் மேசன், கீபோர்டு ரைட், கிடாரும் பாட்டும் கில்மோர். சாக்ஸஃபோனுக்கு வந்தவர்? அதே டிக் பேரி. வயதாகியிருந்தது எல்லாருக்கும். ஆனால் அந்த இழுபறி திரும்பி வந்திருந்தது. அதுவே கடைசி. 2006-இல் சிட் பாரெட் இறந்தார், 2008-இல் ரைட்.

இரண்டு. கொலம்பியா நிறுவனத்தைக் கையில் வைத்திருந்த சி.பி.எஸ். ரெக்கார்ட்ஸை 1988-இல் சோனி வாங்கியது. அந்த சோனி 2024-இல் பிங்க் ஃப்ளாய்டின் பதிவுகளின் உரிமையை வாங்கியது. சுமார் 40 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. எழுதிய பாட்டுகளின் உரிமை அதில் சேரவில்லை. அதாவது 1981-இல் கொலம்பியாவுக்குக் கடனாகக் கூடக் கிடைக்காத அந்தச் சில்லறைச் சத்தம், 43 வருடம் கழித்து அதன் முதலாளி வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. இன்று தொகுப்பு போட்டால் மறுபதிவுக்குத் தேவையே இருக்காது :-)

கில்மோர் அன்று செய்த வித்தையை டெய்லர் ஸ்விஃப்ட் 2021-இலிருந்து பெரிய அளவில் செய்தார். முழு ஆல்பங்களையே மறுபடி பாடிப் பதிவு செய்து, ரசிகர்களிடம் காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னார். 2025-இல் பழைய பதிவுகளையே திரும்ப வாங்கிவிட்டார். கில்மோரின் மறுபதிவுக்கு அப்படிப் பின்னால் நிற்க ஒரு கூட்டம் இல்லை. அது சத்தமில்லாமல் முதல் பக்கத்தின் இரண்டாவது பாட்டாக உட்கார்ந்திருக்கிறது.

2017-இல் இந்தத் தொகுப்பை வினைலில் மறுபடி வெளியிட்டார்கள். பிங்க் ஃப்ளாய்டை முதன்முதலாகக் கேட்கப் போகிறவர் இதை வாங்க வேண்டியதில்லை. 'விஷ் யூ வேர் ஹியர்' எடுத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கேட்பதுதான் சரி. ஆனால் எல்லா ஆல்பமும் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் ஒருமுறை இதைப் போட்டு, இரண்டாவது பாட்டு வரும்போது டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். மேசன் எங்கே என்று காது தேடும். கிடைக்க மாட்டார்.